இரண்டு ரூட்டரை நேருக்கு நேர் இணைத்து லீஸ்டு லைன் டெஸ்ட்: சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன்

பீன்யா_நெட் (கேள்வி)

வணக்கம். பெங்களூரு பீன்யா யூனிட்டுக்கும் ஓசூர் யூனிட்டுக்கும் நடுவில் 2 எம்பி லீஸ்டு லைன் (நமக்கென்றே வாடகைக்கு எடுக்கும் தனி லைன்) வரப்போகிறது. இரண்டு முனையிலும் மோடத்தில் வி.35 சாக்கெட்தான் கொடுப்பார்கள். லைன் வருவதற்குள் இரண்டு ரூட்டரையும் ஒரே டேபிளில் வைத்து இணைத்து, கான்ஃபிக் முடித்து, ஒன்றை ஓசூருக்கு அனுப்ப வேண்டும்.

கையில் இருப்பவை: பீன்யாவுக்கு சிஸ்கோ 2811, ஓசூருக்கு 2621எக்ஸ்எம் (வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, அங்கிருந்து கழற்றி வந்தது). இரண்டிலும் விக்-2டி கார்டு (இரண்டு சீரியல் போர்ட் உள்ளது). மோடத்துக்காக வாங்கிய வி.35 கேபிள் இரண்டும் ஆண் முனை, அதனால் ஒன்றோடொன்று சேராது. எஸ்.பி. ரோட்டில் பெண் முனை கேபிள் ஒன்று வாங்கி, அதை 2621-இல் மாட்டி, 34 பின் கனெக்டரில் இரண்டையும் கோத்திருக்கிறேன்.

ஐபி: 2811-இல் 10.10.10.1, 2621-இல் 10.10.10.2, மாஸ்க் /30. இரண்டிலும் "நோ ஷட்" கொடுத்தாயிற்று. இரண்டு பக்கமும் சீரியல் அப், லைன் புரோட்டோகால் டவுன், அதாவது கேபிள் இணைப்பு தெரிகிறது, ஆனால் ரூட்டர்கள் பேசிக்கொள்ளவில்லை. 2811 ஹெட் ஆபீஸ் ரூட்டர் என்பதால் அதில் "க்ளாக் ரேட் 2000000" கொடுத்துப் பார்த்தேன், இந்தக் கட்டளை டிசிஇ இன்டர்ஃபேசுக்கு மட்டும்தான் என்று எர்ரர் வருகிறது.

எங்கே பார்க்க வேண்டும்? இன்னொன்று: டேபிளில் ஓடிவிட்டால் நிஜ லைனிலும் ஓடும் என்று நம்பலாமா?

அல்சூர்வாசி

எது ஹெட் ஆபீஸ், எது பிராஞ்ச் என்பதற்கும் க்ளாக்குக்கும் (பிட்கள் போகும் வேகத்துக்குத் தாளம் போடும் சிக்னல்) சம்பந்தம் கிடையாதுங்க. க்ளாக் யார் கொடுப்பது என்பதை முடிவு செய்வது கேபிள். பெண் முனை கேபிள் எந்த ரூட்டரில் மாட்டியிருக்கோ அதுதான் டிசிஇ, அதாவது க்ளாக் கொடுக்கும் பக்கம்; அதை வாங்கும் எதிர்ப்பக்கம் டிடிஇ. உங்கள் கேஸில் 2621. அதனால் 2811 எர்ரர் கொடுத்தது சரியே.

கேபிளின் பார்ட் நம்பரைப் பாருங்கள். ஸ்மார்ட் சீரியலில் "வி35எம்டி" என்று முடிந்தால் ஆண், டிடிஇ. "வி35எஃப்சி" என்று முடிந்தால் பெண், டிசிஇ. லேபிள் உரிந்துபோன பழைய கேபிளாக இருந்தால் ரூட்டரையே கேட்டுவிடலாம்:

2621-இல்: "ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0"
2811-இல்: "ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல் 0/0/0"

அவுட்புட் நீளமாக வரும், உங்களுக்கு வேண்டியது மேலே இருக்கும் ஒரே ஒரு வரி. அதில் "டிசிஇ வி.35" அல்லது "டிடிஇ வி.35" என்று இருக்கும், பக்கத்திலேயே க்ளாக் நிலவரமும் இருக்கும். கேபிளே இல்லை என்று வந்தால் கார்டுப் பக்கக் கனெக்டர் சரியாக உட்காரவில்லை. ஸ்மார்ட் சீரியல் 26 பின் கனெக்டர் சின்னது. தலைகீழாக வைத்து அழுத்தினாலும் கொஞ்ச தூரம் உள்ளே போகும், பின் வளைந்துவிடும். அகலமான பக்கம் எது என்று டார்ச் அடித்துப் பார்த்து மாட்டி, இரண்டு ஸ்க்ரூவையும் கையால் இறுக்குங்கள்.

கார்டையே கழற்ற வேண்டி வந்தால் பவரை ஆஃப் பண்ணிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இந்த இரண்டு மாடலிலும் விக் கார்டை ஓடும்போது உருவக் கூடாது. கேபிளை மட்டும் மாற்றுவதென்றால் இன்டர்ஃபேசை "ஷட்" பண்ணிவிட்டு மாற்றினால் போதும்.

அந்த ஒரு வரியையும், இரண்டு பக்கமும் "ஷோ இன்டர்ஃபேசஸ் சீரியல்" அவுட்புட்டில் "என்கேப்சுலேஷன்" (டேட்டாவை எந்த முறையில் பொதிந்து அனுப்புகிறது) என்று தொடங்கும் வரியையும் போடுங்கள். மீதியை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.

பீன்யா_நெட்

நன்றி சார். வந்தவை:

2621: "டிசிஇ வி.35, நோ க்ளாக்". என்கேப்சுலேஷன் பிபிபி, எல்சிபி ரெக்சென்ட்.
2811: "டிடிஇ வி.35", க்ளாக் நின்றிருக்கிறது என்று காட்டுகிறது. என்கேப்சுலேஷன் ஹெச்டிஎல்சி.

2811-இன் கீழ்வரியில் டிசிடி, டிஎஸ்ஆர், டிடிஆர், ஆர்டிஎஸ், சிடிஎஸ் ஐந்தும் அப்.

அல்சூர்வாசி

இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. ஒன்றைச் சரிசெய்தாலும் அடுத்தது இருக்கும் வரை அதே "அப், டவுன்"தான் தெரியும்.

தயார் நிலையைச் சொல்லும் அந்த ஐந்து சிக்னலும் அப் என்பதால் கேபிளும் கனெக்டரும் பரவாயில்லை. அவற்றில் எதிர்முனையிலிருந்து வரும் சிக்னலை நம்பித்தான் ரூட்டர் முதல் "அப்"பைச் சொல்கிறது. க்ளாக் இல்லாவிட்டாலும் அந்த "அப்" வரும்.

முதலில் க்ளாக். 2621-இல் "இன்டர்ஃபேஸ் சீரியல் 0/0" உள்ளே போய் "க்ளாக் ரேட் ?" என்று கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கார்டு ஏற்கும் வேகங்களின் பட்டியல் வரும். 2048000 பட்டியலில் இல்லாவிட்டால் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், 2000000 போடுங்கள், டெஸ்டுக்கு அது போதும். பிறகு 2811-இல் கன்ட்ரோலர் வரியை மறுபடி பாருங்கள். டிஎக்ஸ், ஆர்எக்ஸ் இரண்டு க்ளாக்கும் கிடைக்கிறது என்று மாறியிருக்க வேண்டும்.

ஒரு குறிப்பு: 2811 போன்ற அடுத்த தலைமுறை ரூட்டர் டிசிஇ ஆக இருந்தால் பெரும்பாலும் 2000000 தானாகவே போட்டுக்கொள்ளும். 2600 வரிசை அப்படிச் செய்யாது, நாம்தான் கொடுக்க வேண்டும். அதே கேபிளை இரண்டு ரூட்டருக்கு இடையே மாற்றி மாட்டினால் ஒரு நேரம் ஓடுகிறது, ஒரு நேரம் ஓடவில்லை என்று பலர் குழம்புவது இதனால்தான்.

அடுத்தது என்கேப்சுலேஷன். பிபிபி, ஹெச்டிஎல்சி இரண்டும் வெவ்வேறு பொதியும் முறைகள்; எல்சிபி என்பது பிபிபி இணைப்பைப் பேசித் தொடங்கும் பகுதி. 2621-இல் பழைய இடத்துக் கான்ஃபிக் அப்படியே இருக்கிறது. பிபிபி பேசுபவனும் ஹெச்டிஎல்சி பேசுபவனும் கம்பியில் பிட் பரிமாறிக்கொள்வார்கள், ஒருவர் கேட்பதற்கு மற்றவரிடமிருந்து பதில் வராது. "ரெக்சென்ட்" என்பது நான் அழைப்பு அனுப்பிவிட்டேன், பதில் வரவில்லை என்ற நிலை. இரண்டையும் ஒன்றாக்குங்கள். எதை வைப்பது? முதல் டெஸ்டுக்கு இரண்டிலும் ஹெச்டிஎல்சி, கடைசியில் ஓசூருக்கு அனுப்பும்போது இரண்டிலும் பிபிபி என்று சொல்வேன். நாளைக்கு ஒரு முனையில் வேறு கம்பெனி ரூட்டர் வந்தால், சிஸ்கோ ஹெச்டிஎல்சி அதில் இருக்கும் என்று உறுதி கிடையாது. பிபிபி எல்லாரிடமும் இருக்கும்.

பழைய கான்ஃபிகில் "பிபிபி ஆதென்டிகேஷன் சாப்" (எதிர்முனையிடம் பாஸ்வேர்ட் சோதனை) இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் 2621-இல் எதிர்முனையின் ஹோஸ்ட்நேம் பெயரில் ஒரு யூசர்நேம் வேண்டும், 2811-இல் அதேபோல் இதன் பெயரில் ஒன்று, பாஸ்வேர்ட் இரண்டிலும் ஒன்றே. பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினாலும் விழுந்துவிடும். ஓரளவு ஓடிய ரூட்டர் என்பதால் "ரைட் இரேஸ்" கொடுத்து ரீலோட் செய்து வெறும் ஸ்லேட்டில் ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

யாராவது "நோ கீப்அலைவ்" கொடுங்கள், அப் ஆகிவிடும் என்று சொன்னால் கேட்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் லைன் செத்திருந்தாலும் புரோட்டோகால் அப் என்றே காட்டும், டெஸ்டுக்கே அர்த்தம் இல்லாமல் போகும். கீப்அலைவ் (எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் செய்தி) 10 விநாடிக்கு ஒன்று, இரண்டு பக்கமும் அதே 10.

ஹெச்டிஎல்சியில் இருக்கும்போது "டீபக் சீரியல் இன்டர்ஃபேஸ்" ஓடவிட்டுப் பாருங்கள். 10 விநாடிக்கு ஒரு வரி வரும். மைசீக் என்பது நாம் அனுப்பிய எண், மைன்சீன் என்பது எதிர்முனை பார்த்ததாகத் திருப்பிச் சொன்ன நம் எண். "மைசீக் 41, மைன்சீன் 41" என்று சேர்ந்தே ஏறினால் சுகம். மைசீக் 44-க்குப் போய் மைன்சீன் 41-லேயே நின்றால், நாம் அனுப்புவது அங்கே போகவில்லை, அல்லது அவர்கள் பதில் இங்கே வரவில்லை. யுவர்சீன் (எதிர்முனையிடமிருந்து நமக்கு வந்த எண்) ஏறுகிறதா என்று பார்த்தால் எந்தத் திசை உடைந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வி.35-இல் அனுப்பும் ஜோடி வேறு, வாங்கும் ஜோடி வேறு. ஒரு பின் வளைந்தால் ஒரு திசை மட்டும் சாகும்.

ட்ரான்ஸ்மிஷன்_டெஸ்க்

மேலே சொன்னதெல்லாம் சரி. லைன் அப் ஆனதோடு டெஸ்ட் முடிந்தது என்று நிறுத்திவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் "க்ளியர் கவுன்டர்ஸ்". பிறகு எக்ஸ்டென்டட் பிங்: வெறும் "பிங்" என்று அடித்து என்டர், ரிபீட் 1000, சைஸ் 1500, எக்ஸ்டென்டட் கேள்விக்கு ஒய், டேட்டா பேட்டர்ன் 0x0000. முடிந்ததும் 0xஎஃப்எஃப்எஃப்எஃப், அடுத்து 0xஏஏஏஏ. மூன்றுக்கும் பிறகு இரண்டு ரூட்டரிலும் "ஷோ இன்டர்ஃபேசஸ்" பார்த்து சிஆர்சி (வழியில் கெட்டுப்போன ஃப்ரேம்கள்), ஃப்ரேம், அபார்ட், கேரியர் ட்ரான்சிஷன் ஆகிய நான்கு பிழைக் கணக்கையும் குறித்துக்கொள்ளுங்கள். டேபிளில், இரண்டு 3 மீட்டர் கேபிளில், சிஆர்சி பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். ஒன்று இரண்டு வந்தால் பரவாயில்லை என்று விடக்கூடாது. இரைச்சலே இல்லாத இடத்தில் வரும் பிழை, கார்டிலோ கேபிளிலோ உள்ள பிழை.

வேகம் உண்மையிலேயே நீங்கள் போட்டதுதானா என்று பிங் நேரத்தை வைத்தே சரிபார்க்கலாம். இதற்காக க்ளாக்கை வேண்டுமென்றே 64000-க்கு இறக்குங்கள். 1500 பைட் என்றால் 12,000 பிட். 64,000-ஆல் வகுத்தால் 187.5 மில்லிசெகண்ட், போக வர 375. பிங் 376, 380 என்று காட்டினால் கணக்கு சரி. 2000000-இல் அதே பாக்கெட் போக வர 12 மில்லிசெகண்ட்.

64000-இல் இருக்கும்போதே பேட்டர்னை எல்லாம் ஒன்றாக (0xஎஃப்எஃப்எஃப்எஃப்) மாற்றிப் பாருங்கள். நேரம் 450 பக்கத்தில் ஏறும். லைன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். தொடர்ந்து ஐந்து 1 வந்தால் அடுத்து ஒரு 0-வைச் செருகுவது ஹெச்டிஎல்சி ஃப்ரேமிங்கின் விதி, ஃப்ரேம் எல்லையைக் காட்டும் கொடியோடு டேட்டா குழம்பாமல் இருக்க. எல்லாமே 1 என்றால் ஐந்துக்கு ஆறு பிட் போகிறது, அதாவது 20% கூடுதல். பிபிபி வைத்தாலும் இந்த லிங்கில் ஃப்ரேமிங் இதே முறைதான். இந்த வித்தியாசம் தெரிந்தால் உங்கள் பாக்கெட் உண்மையிலேயே அந்தக் கம்பி வழியாகப் போய் வருகிறது என்று உறுதி.

வேகத்தை ஏற்றும்போது மட்டும் பிழை வந்தால், குறைந்த வேகத்தில் சுத்தமாக இருந்தால், பெரும்பாலும் க்ளாக் கட்டப் பிரச்சினை. டிசிஇ தன் க்ளாக்கைக் கொடுக்கிறது, அது கேபிளில் போய் டிடிஇ-யை அடைந்து, டேட்டா திரும்பி வரும்போது சற்றுப் பிந்திவிடுகிறது. டிசிஇ பக்கம் "டிசிஇ-டெர்மினல்-டைமிங்-எனேபிள்" கட்டளை உங்கள் ஐஓஎஸ்-இல் (சிஸ்கோ ரூட்டரின் சாஃப்ட்வேர்) இருந்தால் அதைக் கொடுத்துப் பாருங்கள், டிடிஇ திருப்பி அனுப்பும் க்ளாக்கை வைத்து டேட்டாவைப் படிக்கும். 2 எம்பியில், 6 மீட்டரில் இது தேவைப்படாது. ஆனால் ரேக்கிலிருந்து ரேக்குக்கு நீட்டினால் தேவைப்படலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. டேபிள் டெஸ்ட் கார்டையும் கேபிளையும் கான்ஃபிகையும் நிரூபிக்கும். க்ளாக் ஏற்பாட்டை நிரூபிக்காது, ஏனென்றால் நிஜ லைனில் அந்த ஏற்பாடே வேறு. அங்கே இரண்டு ரூட்டரும் டிடிஇ. மோடம்தான் டிசிஇ, க்ளாக் மோடத்திலிருந்து வரும். பெண் முனை கேபிளைக் கழற்றிவிட்டு 2621-இலும் ஆண் முனை கேபிளை மாட்ட வேண்டும். க்ளாக் ரேட் கட்டளையையும் "நோ" போட்டு எடுத்துவிடுங்கள், பின்னால் பார்ப்பவர் குழம்பாமல் இருப்பார்.

லைன் போட வரும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இரண்டு மோடமும் க்ளாக்கை எங்கிருந்து எடுக்கின்றன? நடுவில் ஆபரேட்டரின் நெட்வொர்க் இருந்தால் இரண்டும் நெட்வொர்க்கிலிருந்து எடுக்க வேண்டும். வெறும் செம்புக் கம்பியில் மோடம் டு மோடம் என்றால் ஒன்று இன்டர்னல், மற்றது லைனிலிருந்து. இரண்டும் இன்டர்னல் என்று விட்டுவிட்டால் லைன் அப் ஆகும், சாதாரண பிங்கும் போகும். ஆனால் இரண்டு க்ளாக்கும் மெல்ல விலகி, சீரான இடைவெளியில் சில பாக்கெட் கெட்டுக்கொண்டே இருக்கும். சிஆர்சி கவுன்டர் நிதானமாக ஏறும். கேபிளை எத்தனை முறை மாற்றினாலும் போகாது.

லூப் டெஸ்ட் பற்றி ஒன்று. ஆபரேட்டர் மோடத்தில் லூப் போட்டுக் கொடுக்கும்போது (நாம் அனுப்புவது நமக்கே திரும்பி வரும்) ஹெச்டிஎல்சி இருந்தால் புரோட்டோகால் "அப், லூப்டு" என்று காட்டும், உங்கள் சொந்த ஐபி 10.10.10.1-ஐயே பிங் செய்தால் பாக்கெட் மோடம் வரை போய்த் திரும்பும். பிபிபி இருந்தால் மேஜிக் நம்பரை (ஒவ்வொரு முனையும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும் எண்) வைத்து லூப் என்று கண்டுபிடித்து லைனையே இறக்கிவிடும். அதனால் லைன் கமிஷனிங் முடியும் வரை ஹெச்டிஎல்சியில் வைத்துக்கொண்டு, லூப் எடுத்த பிறகு பிபிபிக்கு மாறுவது வசதி. ஓசூர் பக்கம் ஆள் போனில் இருக்கும்போதே மாற்றுங்கள், ஒரு முனை மட்டும் மாறினால் டெல்நெட்டும் போய்விடும்.

ஈசிட்டி_லினக்ஸ்

பிபிபி பக்கம் ஒரு கண்ணி இருக்கு ப்ரோ. ஐபிசிபி (பிபிபியில் ஐபி பேசி முடிக்கும் கட்டம்) முடிந்ததும் எதிர்முனை ஐபிக்கு ரூட்டர் தானாகவே ஒரு /32 ரூட் (அந்த ஒரு முகவரிக்கு மட்டுமான வழி) போட்டுக்கொள்ளும். அதனால் ஐபியில் சப்நெட் தப்பாக இருந்தாலும், ஒரு பக்கம் 10.10.10.1, இன்னொரு பக்கம் 10.10.20.2 என்று இருந்தாலும்கூட பிங் ஜோராகப் போகும். பிறகு ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) கான்ஃபிக் போடும்போது நெட்வொர்க் வரியில் ஒரு பக்கம் மாட்டாமல் நெய்பர் வராது, அப்போது லைனைச் சந்தேகிப்போம். ஹெச்டிஎல்சியில் முதல் டெஸ்ட் பண்ணச் சொன்னதில் இந்த லாபமும் இருக்கு: சப்நெட் தப்பென்றால் அப்போதே பிங் விழுந்துவிடும்.

"பேண்ட்விட்த்" கட்டளையும் மறக்காதீங்க. க்ளாக் ரேட்டை மாற்றினால் அது மாறாது. சீரியலுக்கு டிஃபால்ட் 1544, ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 64. "பேண்ட்விட்த் 2048" போட்டால் 48. ஒரு பக்கம் மட்டும் போட்டால், பேக்கப் லிங்க் வரும் நாளில் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று ஆகும்.

இன்னொரு விஷயம், இந்த த்ரெட்டைப் பின்னால் தேடி வருபவர்களுக்காக. பெங்களூரில் இப்போது புதிதாகக் கொடுக்கும் லைன் பெரும்பாலும் ஃபைபரில் வந்து ஈதர்நெட் போர்ட்டாகத்தான் கையில் கொடுக்கிறார்கள். அதை டேபிளில் சோதிக்க இரண்டு ரூட்டரையும் ஒரு பேட்ச் கார்டில் இணைத்தால் 100 எம்பி லேன்தான் கிடைக்கும், வேன் குணம் எதுவும் தெரியாது. நடுவில் இரண்டு லேன் கார்டு உள்ள ஒரு லினக்ஸ் பெட்டியைப் பிரிட்ஜாக வைத்து நெட்எம் (செயற்கையாகத் தாமதமும் இழப்பும் சேர்க்கும் லினக்ஸ் வசதி) போடுங்க:

"டிசி க்யூடிஸ்க் ஆட் டெவ் ஈத்0 ரூட் நெட்எம் டிலே 10எம்எஸ் லாஸ் 0.5% ரேட் 2எம்பிட் லிமிட் 50"

அதே வரி ஈத்1-க்கும். நெட்எம் வெளியே போகும் பாக்கெட்டை மட்டும்தான் பிடிக்கும், ஒரு கார்டில் மட்டும் போட்டால் ஒரு திசைக்குத்தான் தாமதம். கடைசி "லிமிட்" ரொம்ப முக்கியம். அதை விட்டால் டிஃபால்ட் 1000 பாக்கெட். 1500 பைட் பாக்கெட் ஆயிரம் என்றால் 1.2 கோடி பிட், 2 எம்பியில் அது வடிய 6 விநாடி. ஒரு ஃபைல் காப்பி ஓடும்போது பிங் ஆயிரக்கணக்கான மில்லிசெகண்ட் காட்டும், அப்ளிகேஷனைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

டிலே எவ்வளவு வைப்பது? ஃபைபரில் கிலோமீட்டருக்கு 5 மைக்ரோசெகண்ட். ஓசூர் 40 கிலோமீட்டர் சுமார், ஒரு வழிக்கு 0.2 மில்லிசெகண்ட், பொருட்டே இல்லை. டெல்லி என்றால் 2,000 கிலோமீட்டருக்கு மேல், போக வரக் குறைந்தது 20 மில்லிசெகண்ட், கேபிள் சுற்றிப் போவதால் நிஜத்தில் அதைவிடக் கூடும்.

சீரியலில் எதிர்முனை செத்தால் கீப்அலைவ் போய் அரை நிமிடத்தில் புரோட்டோகால் விழும். ஈதர்நெட் ஹேண்ட்ஆஃபில் நம் போர்ட் மீடியா கன்வெர்ட்டரை (ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றும் பெட்டி) பார்த்து அப் ஆகவே நிற்கும். ஓஎஸ்பிஎஃப் 40 விநாடி காத்திருக்கும், ஸ்டாட்டிக் ரூட் என்றால் காலம் முழுக்கக் காத்திருக்கும். இரண்டு ரூட்டரிலும் பிஎஃப்டி (எதிர்முனை செத்ததைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் முறை) இருந்தால் 300 மில்லிசெகண்ட், மல்டிப்ளையர் 3 போடுங்க, 1 விநாடிக்குள் தெரியும். இல்லாவிட்டால் ஹலோ டைமரைக் குறைத்துக்கொள்ளலாம். டெஸ்ட் பண்ணும்போது ரூட்டர் போர்ட்டிலிருந்து கேபிளைப் பிடுங்காதீங்க, அது போர்ட்டையே இறக்கிவிடும். லினக்ஸ் பெட்டியில் "லாஸ் 100%" போடுங்க, நிஜ லைன் சாவது அப்படித்தான்.

பீன்யா_நெட்

க்ளாக் 2000000, இரண்டிலும் ஹெச்டிஎல்சி. அப், அப். மூன்று பேட்டர்னிலும் 1000-க்கு 1000, இரண்டு பக்கமும் சிஆர்சி 0. 64000-இல் 0x0000-க்கு சராசரி 377, எல்லாம் ஒன்றுக்கு 451. இரவு முழுக்க ஓடவிடுகிறேன். ஒரு சந்தேகம்: கார்டில் இரண்டாவது போர்ட் சும்மா இருக்கிறது, அதையும் சோதிக்க வேண்டுமா?

அல்சூர்வாசி

கட்டாயம். கேபிளைக் கழற்றும் முன் ஷட், பிறகு சீரியல் 0/1-இலும் 0/0/1-இலும் மாட்டி அதே டெஸ்ட். க்ளாக் ரேட்டை 2621-இன் 0/1-இலும் தனியாகக் கொடுக்க வேண்டும், பக்கத்து போர்ட்டில் கொடுத்தது இதற்கு வராது. ஓசூரில் முதல் போர்ட் போனால் போனில் "கேபிளைப் பக்கத்து ஓட்டையில் மாற்றுங்க" என்று சொல்லிச் சமாளிக்கலாம், அதற்கு 0/1-இல் என்கேப்சுலேஷனும் பேண்ட்விட்த்தும் இப்போதே போட்டு, ஐபி மட்டும் இல்லாமல் ஷட்டில் வைத்து அனுப்புங்கள். பெண் முனை கேபிளைப் பீன்யாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டரோடு ஓசூருக்குப் போனால் அங்கே யாராவது அதையே மாட்டி, மோடத்தில் சேரவில்லை என்று கூப்பிடுவார்கள்.